சீராக வந்த பீரோவில் கரையான்

பூச்சி மருந்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மருந்தை எப்படிக் கலப்பது, தரையோரம் எங்கே துளை போடுவது, முகக்கவசத்தை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் கம்பெனியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் தொடப்போவதில்லை. நான் பேச வந்தது சந்தேகத்தைப் பற்றி. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆபீஸில் முகத்துக்கு நேராக ஸ்டெல்லா மேடம் என்பார்கள், முதுகைத் திருப்பினால் சந்தேகப் பிராணி. நான் ஓய்வு பெற்ற அன்று வெட்டிய கேக்கைக் கூட எந்தக் கடையில் வாங்கினீர்கள், எப்போது செய்தது என்று குடைந்தேனாம். இன்றைக்கும் ஃபோன் செய்து கிண்டல் செய்கிறார்கள்.

என் வேலை, மருந்து அடிக்கிற ஆட்கள் போவதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது. கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர். அவ்வளவுதான். பெங்களூரில் நான் குனிந்து பார்க்காத கட்டிலடி குறைவு. பெண் என்பதால் படுக்கையறை, சமையலறை, பூஜை அறை எல்லாம் சுலபமாகத் திறந்தன. அறை திறந்தால் பீரோ திறக்கும், பீரோ திறந்தால் வீட்டுக்காரர்களின் வாயும் திறக்கும். மரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதில் பாதியை வாயிலேயே கேட்டுவிடலாம்.

முதலில் சுத்தத்தைச் சந்தேகப்படுங்கள். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு கதவு நிலை மட்டும் பளபளவென்று இருக்கிறதா? ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அதை மெல்லத் தட்டுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம் வந்தால், அங்கே நிற்பது மரமில்லை, பெயின்ட் மட்டும்தான். முதல் மழைக்கு மறுநாள் ஜன்னலோரம் குவிந்த இறகுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு "சும்மா ஈசல்தான் மேடம்" என்பார்கள். ஈசல் எங்கிருந்து புறப்பட்டது என்று கேளுங்கள். வீட்டுக்கு உள்ளேயிருந்து என்றால் அது சும்மா இல்லை. சுவரில் மெல்லிய மண்கோடு ஏறினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். துடைத்தது கரையானை இல்லை, கரையானின் பாதையை. அது நாலு நாளில் வேறு பாதை போட்டுக்கொள்ளும்.

வைட்ஃபீல்டில் உயரமான ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர், "இவ்ளோ மேல வர்றதுக்கு அது லிஃப்ட்லயா வரும்?" என்று என்னிடம் சிரித்தார். லிஃப்ட் வேண்டாம் சார், குழாய் போகிற சந்து போதும் என்றேன். அவருடைய கிச்சன் கபோர்டின் பின்பலகையைக் கழற்றிக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்படிக் கரையானைச் சந்தேகப்படுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பழகிவிடும். வீட்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும்போது நடுவில் டார்ச்சோடு நிற்க வேண்டி வரும். அதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். நான் அதைச் சந்தாபுராவில் ஒரு வீட்டில் கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு நான் போய் இறங்கியபோதே வாசலில் ஒரு சின்ன லோடு வண்டி நின்றது. வீடு காலி செய்கிறார்களோ என்று நினைத்தேன். உள்ளே ஹாலில் நாலு பேர், ஆளுக்கொரு மூலை. வீட்டு அம்மாள் சரோஜா, அவர் மகன் பிரகாஷ், மருமகள் கவிதா, கவிதாவின் அப்பா ஏழுமலை. அவர் குடியாத்தத்திலிருந்து அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்திருக்கிறார். சோபாவின் நுனியில், செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, உடனே எழுந்து போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்த காபியில் ஆடை படிந்திருந்தது.

சரோஜாம்மாதான் பேசினார். "வாங்க மேடம். நீங்களே பாத்து ஒரு வார்த்த சொல்லிடுங்க. இந்த வீட்ட எங்க வீட்டுக்காரர் நின்னு கட்டுனாரு. இத்தன வருஷம் ஒரு பூச்சி பொட்டு கிடையாது. இவ சீரா கொண்டாந்த பீரோ வந்துச்சு, பின்னாடியே கரையானும் வந்துச்சு. ரூம் நிலையெல்லாம் அரிச்சுடுச்சு. அதான் சம்பந்திய வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். நீங்க ஆமான்னு சொல்லிட்டா இப்பவே ஏத்திடலாம்."

கல்யாணச் சீராக வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பீரோ மட்டுமா வண்டியில் ஏறும்? கவிதா எழுந்து நின்றாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "பீரோ போனா நானும் அதே வண்டியில போறேன் அத்தை. ஏற்கெனவே சொல்லிட்டேன்" என்றாள். பிரகாஷ் தரையைப் பார்த்தான். நான் பீரோவைப் பார்க்க வந்தவள், என் வாயிலிருந்து விழப்போகும் ஒரு வார்த்தைக்கு ஒரு குடும்பமே காத்திருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கரையானுக்கு மருந்து கேட்டால் கொடுக்கலாம், தீர்ப்பு கேட்டால் எங்கே போவது?

அந்த அறையில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரோஜாம்மாவுக்குப் பீரோவை அனுப்புவதில் இருந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏழுமலையின் மௌனம் அதைவிடப் பிடிக்கவில்லை. மகளுக்குக் கொடுத்த சாமானைக் குறை சொன்னால் எந்த அப்பாவும் ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேசுவார். இவர் வாயே திறக்காமல் வண்டியோடு வந்து நிற்கிறார்.

"எல்லாரும் ஹால்லயே இருங்க. ரூம தொறந்து காட்ட கவிதா மட்டும் வரட்டும்" என்றேன். நாலு பேர் பின்னால் நின்றால் நான் பார்ப்பதைவிட அவர்கள் பார்ப்பதுதான் அதிகமாக இருக்கும்.

பீரோ வெளிச்சுவரை ஒட்டி நின்றது. இரண்டு கதவு, நடுவில் கண்ணாடி, நல்ல தேக்கு. நானும் கவிதாவுமாக அதைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். பின்பலகையில் மண் அப்பியிருந்தது. தட்டினேன், பாதி உயரம் வரை பொள்ளல். கவிதாவின் முகம் சுருங்கியது. பொறு என்று சொல்லி, கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். புடவைகள் ஒரு நூல் கலையாமல் இருந்தன. பக்கப் பலகைகள் திடமாக இருந்தன. கரையான் பின்னாலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது, உள்ளேயிருந்து வெளியே போகவில்லை. மண்கோட்டைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன். சுவரில் இறங்கி, தரையும் சுவரும் சேருகிற விரிசலில் போய் நுழைந்தது. அங்கிருந்துதான் ஒரு கிளை கதவு நிலைக்கும் போயிருந்தது.

கோடு பீரோவிலிருந்து தொடங்கவில்லை, தரையிலிருந்து தொடங்குகிறது. நம் வீடுகளைத் தின்கிற இந்தக் கரையானுக்கு மண்ணும் ஈரமும் வேண்டும். அது குடியாத்தத்தில் பீரோவில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வராது. இதைச் சொல்லி முடித்துவிட்டுப் புறப்பட்டிருக்கலாம். ஆனால் பழக்கதோஷம், கீழ் இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையில் டார்ச் அடித்தேன். குண்டூசி முனையால் குத்தியதுபோல் துளைகள், கீழே சலித்த மாவுபோல் கொஞ்சம் பொடி.

மண் என்றால் கரையான். மாவு என்றால் மரத்தைத் துளைக்கிற வண்டு. இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வண்டு மரத்தோடுதான் வரும். அந்த அடிப்பலகை தேக்கே இல்லை, ஏதோ மலிவான வெள்ளை மரம்.

கவிதா அறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். "ஆன்ட்டி, இது எனக்குத் தெரியும். வாராவாரம் நான்தான் தொடச்சு விடறேன். கடைக்காரன் அப்பாவ ஏமாத்தியிருக்கான். முழுக்கத் தேக்குன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னாரு. அவருக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாரு. தயவு செஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

இங்கேதான் நிதானம் வேண்டும். வெளியே போய் நான் "வண்டு இருக்கிறது" என்று சொன்னால், சரோஜாம்மாவின் காதில் "பூச்சி பீரோவில்தான் வந்தது" என்று விழும். வேறு பூச்சி, வேறு விஷயம் என்று நான் விளக்குவதற்குள் பீரோ வண்டியில் ஏறியிருக்கும். கரையான் மட்டும் சுவருக்குள் நிம்மதியாக இருக்கும். சொல்லாமல் விட்டால் நான் பார்த்ததை மறைத்தவள் ஆவேன். "வண்டுக்கு மருந்து நாங்க வெப்போம். அது சின்ன வேலை. கரையான் எங்கேருந்து வருதுன்னு மொதல்ல முடிச்சுட்டு வரலாம்" என்று சொல்லி எழுந்தேன்.

ஹாலில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராகப் பக்கத்துச் சந்துக்குப் போனேன். ஏழுமலையைத் தவிர மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். படுக்கையறையின் வெளிச்சுவர் அங்கேதான். சிமென்ட் தளம், துவைக்கிற கல், சொட்டிக்கொண்டே இருக்கிற குழாய். வீட்டுக்கு உள்ளே விரிசல் இருந்த இடத்துக்கு நேர் வெளியே, தளத்தில் வட்டமாக ஒரு சின்ன ஒட்டு. மற்ற இடத்து சிமென்ட்டைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. தட்டினேன். கீழே பள்ளம்.

"இங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றார் சரோஜாம்மா. நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

ஒரு இடத்தைக் காட்டிக் கேட்கும்போது மனிதர்கள் அந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார்கள். பார்க்காமலே ஒன்றுமில்லை என்று சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிரகாஷிடம் கடப்பாரை கேட்டேன். "பேடா, அங்க மட்டும் ஒடைக்க வேணாம். அது நல்ல எடம் இல்ல, ஸ்வல்ப பொறு பிரகாஷ்" என்று அவர் குறுக்கே வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து வருகிறதென்றால் படபடப்பில் இருக்கிறார் என்று தெரிந்தது. பிரகாஷ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அம்மா, ரெண்டுல ஒண்ணு தெரியட்டும். வழிய விடுங்க."

நாலு குத்தில் ஒட்டு பெயர்ந்தது. உள்ளே ஈர மண். அதற்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டை, பாதிக்குமேல் மண்ணாகிவிட்டது. வெளிச்சம் பட்டதும் வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் சிதறி ஓடின. கட்டையின் ஒரு பக்கத்தில் மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பந்தக்கால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரகாஷின் கல்யாணத்துக்காக அந்தச் சந்தில் நட்டது. கல்யாணம் முடிந்து தளம் போட வந்த மேஸ்திரி அதைப் பிடுங்கப் போயிருக்கிறார். மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றி நட்டதைப் பிடுங்கி எறிந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சரோஜாம்மா தடுத்துவிட்டார். தரைமட்டத்துக்கு அறுத்து, மேலே சிமென்ட் பூசச் சொல்லியிருக்கிறார். அஸ்திவாரத்தை ஒட்டி மண்ணுக்குள் ஒரு பச்சை மரம், மேலே தினமும் துவைக்கிற தண்ணீர். கரையானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல்தான். கரையான் அந்த மண்ணில் எப்போதும் இருந்திருக்கும். வீட்டுக்குள் வர வழி காட்டியது அந்தக் கட்டை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். பிரகாஷ், "அம்மா, நீங்க பண்ணதுக்கு இவங்க அப்பாவ வண்டி எடுத்துட்டு வர வெச்சுட்டீங்களே" என்று குரலை உயர்த்தினான். ஆனால் சரோஜாம்மா மகனைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "பந்தக்காலையே தின்னுடுச்சே... எந்த நேரத்துல எந்த ராசியில இவ காலடி..." என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சுரீர் என்றது. பீரோவைக் காப்பாற்றப் போய் அந்தப் பெண்ணை மாட்டிவைத்துவிட்டேன். பீரோவில் கரையான் என்றால் வண்டியில் அனுப்பிவிடலாம். கல்யாணத்துக்கு நட்ட காலிலேயே கரையான் என்றால் அந்தப் பழி அவள் வாழ்நாள் முழுக்கக் கூட வரும். நம் தொழிலில் உண்மையைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அது யார் தலையில் விழப்போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

"அம்மா, நிறுத்துங்க" என்றேன். வாடிக்கையாளரிடம் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். "தண்ணி விடுற எடத்துல மரத்தப் பொதச்சா கரையான் வரும். சர்ச் பெஞ்சுக் காலா இருந்தாலும் வரும், மசூதி வாசக்கட்டையா இருந்தாலும் வரும். அதுக்கு ராசியும் தெரியாது, மருமகளும் தெரியாது. உங்க புள்ளைக்கு ஆகாதுன்னு பயந்துதானே இத விட்டு வெச்சீங்க? ரெண்டு வருஷமா இது மண்ணாகிக்கிட்டுத்தான் இருக்கு. அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க? வேற என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

சரோஜாம்மா சின்னக் குரலில், "இத இப்ப என்ன பண்றது மேடம்? எரிக்கவும் கூடாது, குப்பையில போடவும் கூடாதே" என்றார். அப்போதுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போனது. அது கெட்ட மனசு இல்லை, பயம். புருஷன் கட்டின வீடு, ஒரே பிள்ளை, எங்கே எது ஆகிவிடுமோ என்கிற பயம். பீரோவின் மேல் பழி போட்டுவிட்டால் அந்தச் சந்தில் யாரும் தோண்ட மாட்டார்கள் என்று அவருக்கே தெரியாமல் அவர் மனம் கணக்குப் போட்டிருக்கிறது.

யாரும் அந்தக் கட்டையைத் தொட முன்வரவில்லை. பிரகாஷ் கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்கிட்ட குடுங்க. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, எனக்கு இதுல தோஷம் கிடையாது" என்று சொல்லி, கையுறை போட்டுக்கொண்டு கட்டையை வெளியே எடுத்தேன். தோள்பையில் அவசரத்துக்கு வைத்திருந்த மருந்தைத் தெளித்து, பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டு இறுகக் கட்டினேன். மஞ்சள் துணியை மட்டும் சரோஜாம்மா வாங்கி, குழாயடியில் அலசி, துளசித் தொட்டியின் மண்ணில் புதைத்தார். பிறகு ஹாலுக்குப் போய், சோபாவின் நுனியில் அப்படியே உட்கார்ந்திருந்தவரிடம், "சம்பந்தி, கை கழுவுங்க. எல போடறேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் புழங்கியதாகத் தெரியவில்லை, அதற்குப் பதில் இலையில் வடையும் பாயசமும் வந்தன. எனக்கும் ஒரு இலை விழுந்தது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னேன். சொட்டுகிற குழாயை அன்றே மாற்றச் சொன்னேன். துளை போட்டு மருந்து இறக்க ஆட்கள் பிறகொரு நாள் வந்தபோது, அடிப்பலகையின் வண்டுக்கும் சேர்த்து மருந்து வைத்தார்கள்.

அன்று நான் புறப்படும்போது ஏழுமலை, "வாங்கம்மா, சர்க்கிள்ல பஸ்ஸுக்கு எறக்கி விட்டுடறேன்" என்றார். முன் சீட்டில் டிரைவரோடு நெருக்கி உட்கார்ந்தோம். பீரோ ஏற வேண்டிய இடத்தில் என் பை மட்டும் உருண்டுகொண்டு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், பீரோவோட அடிப்பலகைய பாத்தீங்களா?"

அந்த வீட்டில் அடிப்பலகையைப் பற்றி நானும் கவிதாவும் தவிர யாரும் பேசவில்லை. "பாத்தேன் சார்" என்றேன்.

"அது தேக்கு இல்ல. கடைக்காரரு கேட்டாரு, கண்ணுல படாத எடத்துல வேற மரம் போட்டுக்கலாமான்னு. அப்ப கைய கடிச்சுது, சரின்னுட்டேன். இவங்க ஃபோன் பண்ணி பீரோவுல பூச்சின்னு சொன்னதும் அந்தப் பலகைதான்னு நெனச்சுட்டேன். அதான் ஒரு வார்த்த எதுத்துப் பேசாம வண்டியப் புடிச்சேன். பேச எனக்கு வாய் இல்லம்மா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பதுபோல. மகளின் கல்யாணத்திலிருந்து இந்த மனிதர் யார் கண்ணிலும் படாத ஒரு பலகையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"அது வேற பூச்சி சார். சின்ன வேலை, சரியாயிடும். செவுத்துல வந்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல" என்றேன்.

சர்க்கிளில் வண்டி நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவரும் கூடவே இறங்கி வந்து, டிரைவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"கவிதாவுக்குத் தெரியுமாம்மா?"

ஊரில் எத்தனையோ பேர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தட்டிப் பார்க்காமல், குனிந்து பார்க்காமல், இன்னொரு தடவை சரிபார்க்காமல் நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். காலி வண்டி ஓசூர் பக்கம் திரும்பிப் போயிற்று. என் பதில்களில் எனக்கு இன்றுவரை சந்தேகமே வராதது அது ஒன்றுதான்.